பூனைத் துளை

இங்கிலாந்தின் தென்மேற்கே எக்ஸெட்டர் நகரத்துப் பேராலயத்தில், வடக்குச் சிறகின் சுவரில், பழைய வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே ஒரு மரக்கதவு. கதவின் அடிப்பகுதியில், பூனை நுழையும் அளவுக்கு, வட்டமாக ஒரு துளை. 1598-இல், வில்லியம் காட்டன் அங்கே ஆயராக இருந்தபோது, தச்சர்களுக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்து அந்தத் துளையைப் போட்டதாகப் பேராலயக் கணக்கில் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் கடிகாரத்தின் பல்சக்கரங்களுக்கு விலங்குக் கொழுப்பைத் தடவினார்கள். கொழுப்புக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை தேவைப்பட்டது. பூனைக்கு வழி தேவைப்பட்டது. இதைவிடப் பழைய பதிவு ஒன்றும் அதே கணக்கேடுகளில் உண்டு. 1305 முதல் 1467 வரையிலான ஏடுகளில், காலாண்டுக்கு 13 பென்ஸ், அதாவது வாரத்துக்கு ஒரு பென்னி, காவலர்களோடு சேர்த்துப் பூனையின் பேரிலும் செலவு எழுதப்பட்டிருக்கிறது. பூனை சம்பளப் பட்டியலில் இருந்தது, கதவில் அதற்கு ஒரு துளையும் இருந்தது. அதற்கு மேல் அந்தக் கட்டடத்திடம் அது எதையும் கேட்கவில்லை.

இன்று பூனைக்கென்று வீட்டில் ஓர் அறையையே ஒதுக்குகிறார்கள். சுவரில் ஏறுவரிசையில் பலகைகள், சணல் கயிறு சுற்றிய கம்பம், மூலையில் களிமண் நிரப்பிய தட்டு, சன்னலுக்கு வலை, வெளியே தெரியும்படி ஒரு மேடை. பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது ‘பூனைக்கு வந்த வாழ்வு’ என்பதுதான். மனிதனுக்கே இடமில்லாத ஊரில் பூனைக்குத் தனி அறையா என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டுமே அந்த அறையைச் செல்லத்தின் உச்சமாக எடுத்துக்கொள்கின்றன. பழைய கணக்குகளைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. பூனையை உயிராக நேசித்தவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தார்கள்; அறை மட்டும் நேற்றுத்தான் வந்தது. கதவின் துளை அடைபட்ட பிறகு, வெளியே பூனை அனுபவித்த ஒவ்வொன்றுக்கும் ஈடாக வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கப்பட்ட சாமான்களின் தொகுப்பே அந்த அறை. அதைப் பரிசு என்பதைவிட நஷ்டஈடு என்பது பொருத்தம்.

எக்ஸெட்டர் துளை ஒரு பேராலயத்தின் விநோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் ஆலைக்காரன் சொல்லும் கதையில், உள்ளே தாழிட்டுக்கொண்ட ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேலையாள் குனிந்து எட்டிப்பார்ப்பது பூனை போய்வரும் துளை வழியாகத்தான். அது என்ன துளை என்று வாசகருக்கு விளக்க வேண்டிய அவசியம் சாசருக்கு இருக்கவில்லை. அந்த அளவுக்கு அது சாதாரணமான விஷயம். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கென்றே ‘ஷாத்தியேர்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பூனைக்குப் பெரிய துளையும் குட்டிக்குச் சின்னத் துளையும் போடச் சொன்னார் நியூட்டன் என்று பள்ளிப் பாடப் பேச்சில் அடிக்கடி வரும் கதையை மட்டும் நம்ப வேண்டாம். அவரிடம் உதவியாளராக இருந்த ஹம்ஃப்ரி நியூட்டன், அவர் தம் அறையில் நாயும் வைத்துக்கொள்ளவில்லை, பூனையும் வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். மேதைகளின் மறதியைப் பற்றிச் சிரிக்க ஒரு கதை வேண்டும் என்பதற்காக, அவர் பிறப்பதற்கு முன்பே ஊரெங்கும் இருந்த ஒரு துளையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

துளையின் பொருளாதாரம் கவனிக்கத் தக்கது. வாரம் ஒரு பென்னி பூனையின் வயிறு நிறைவதற்காகக் கொடுத்ததாகத் தோன்றவில்லை. இந்த ஊகத்துக்குத் துணையாக, பல நூற்றாண்டுகள் தள்ளி, லண்டன் அஞ்சல் துறையின் கோப்பு ஒன்று இருக்கிறது. 1868-இல் மணியார்டர் அலுவலகத்தில் எலித் தொல்லைக்காக மூன்று பூனைகள் வைக்க வாரம் 2 ஷில்லிங் கேட்டார்கள். மேலிடம் 1 ஷில்லிங் அனுமதித்தது. மீதிக்குப் பூனைகள் எலியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பது தீர்ப்பு. 1873-இல் அது ஒன்றரை ஷில்லிங்காக உயர்ந்தது. அரைவயிற்றுச் சம்பளம் என்பது கஞ்சத்தனமாகத் தெரியலாம். உண்மையில் அது ஓர் ஏற்பாடு. பூனையின் பாதி வாழ்க்கை கட்டடத்துக்கு உள்ளே, மீதி பூனையின் சொந்தப் பொறுப்பில். சாப்பாட்டின் பெரும்பகுதி, மலசலம், இணை, சண்டை, வெயில், நகம் தீட்ட மரம் எல்லாம் வெளியே கிடைத்தன. வீடு தர வேண்டியது குளிருக்கு ஓர் ஒதுக்கிடமும் திரும்பி வர ஒரு வழியும்தான். துளை அந்த ஒப்பந்தத்தின் கையெழுத்து.

நம் பழைய வீடுகளில் துளைகூடத் தேவைப்படவில்லை. நடுவே வானம் பார்த்த முற்றம், ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையே சந்து, கொல்லைப்புறம் எப்போதும் திறந்தபடி. பூனை வருவதைத் தடுப்பதுதான் அங்கே பிரச்சினை. பூனையை மனத்தில் வைத்து அந்த வீடு செய்துகொண்ட சாமான் ஒன்று உண்டென்றால் அது உறிதான்: பாலையும் வெண்ணெயையும் பூனைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடும் கயிற்றுப் பின்னல். பூனைக்கென்று அந்த வீட்டில் ஓர் இடம் இருந்ததென்றால் அது ஆறிய அடுப்பு, அதுவும் சமையல் நேரம் போக மற்ற நேரத்தில் மட்டும். ஒரு குடும்பத்தின் வறுமையைச் சொல்ல அடுப்பில் பூனை தூங்குகிறது என்று சொல்கிறோமே, பூனையின் இடம் எது, எப்போது அது மனிதனுடையது என்ற பாகப்பிரிவினை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஜப்பானிலிருந்து வரும். துளையும் அரைச்சம்பளமும் வேலைக்காரப் பூனைகளின் கதை. அரண்மனைப் பூனைகளுக்கு எப்போதோ தனி வசதிகள் இருந்தனவே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கியோத்தோவில் 986 முதல் 1011 வரை ஆண்ட இச்சிஜோ பேரரசர் தம் பூனைக்கு அரண்மனைப் பெண்களுக்குரிய பதவிப் பெயரையே கொடுத்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தாதியும் இருந்தாள். தாதி கூப்பிட்டும் வெயிலில் படுத்தபடி எழுந்து வராத அந்தப் பூனையின் மேல் அவள் விளையாட்டாக நாயை ஏவிவிட, நாய் அடிபட்டு நாடு கடத்தப்பட்ட கதையை அரண்மனைப் பெண்மணி செய் ஷோனகொன் தம் ‘தலையணைக் குறிப்பு’களில் எழுதியிருக்கிறார். 999-இல் அரண்மனையில் பூனைக் குட்டிகள் பிறந்ததற்கு மனிதக் குழந்தைக்குச் செய்வது போலவே சடங்கு நடந்ததை அரசவைப் பிரபு ஒருவர் தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். இவ்வளவு செல்லம் கொடுத்தவர்கள் பூனைக்கு அறை கட்டினார்களா? இல்லை. கயிறு கட்டினார்கள்.

அந்தக் கால ஜப்பானியப் பெருவீடுகளின் அமைப்பை நினைவில் வைத்தால் இதன் காரணம் புரியும். அவற்றின் உள்ளே நம் அர்த்தத்தில் அறைகள் குறைவு. தூண்கள் தாங்கிய அகன்ற கூடம்; அதை மூங்கில் சிக்குகளும் துணித் திரைகளும் மடக்குப் பலகைகளும் கொண்டு வேண்டியபடி பிரித்துக்கொள்வார்கள். மனிதர்களுக்கே சுவர் இல்லாத வீட்டில் பூனையை அடைக்கச் சுவர் எங்கிருந்து வரும்? அரிய விலங்கு, கடல் கடந்து வந்த பொருள், தொலைந்துபோகக் கூடாது. எனவே கழுத்துப்பட்டையும் நீளக் கயிறும். ‘கெஞ்சி கதை’ நாவலில் ஒரு பெருந்துயரத்தைத் தொடங்கிவைப்பதே இந்தக் கயிறுதான். சின்னப் பூனை ஒன்றைப் பெரிய பூனை துரத்துகிறது. ஓடும் பூனையின் கயிறு சிக்கின் ஓரத்தில் மாட்டி அதைத் தூக்கிவிடுகிறது. வெளியே நிற்கும் கஷிவாகி என்ற இளைஞன், பார்க்கக் கூடாத இளவரசியைப் பார்த்துவிடுகிறான். கயிறுதான் அங்கே சுவரின் வேலையைச் செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பாவம், அந்தச் சுவரும் நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது.

அந்தக் கயிற்றை அவிழ்த்ததும் அரசாங்க ஆணைதான். 1602-இல் கியோத்தோவில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள்: பூனைகளைக் கட்டிவைக்கக் கூடாது, அவிழ்த்துவிட வேண்டும், வாங்கி விற்கவும் கூடாது. நகரத்தில் எலி பெருகியிருந்தது. அரண்மனைச் செல்லம் தெருவில் இறங்கி வேலைக்குப் போனது. பின்னாளில் பட்டுப்புழு வளர்த்த குடியானவர்களுக்குப் பூனை எவ்வளவு அவசியமாகிவிட்டதென்றால், எலியை விரட்டும் என்று நம்பிப் பூனைப் படத்தை வாங்கி வீட்டில் ஒட்டினார்கள். அப்படிப் படம் வரைந்து கொடுத்ததில் நித்தா வம்சத்துப் பிரபுக்களுக்கே நல்ல பேர். ஜப்பானியக் கதையிலிருந்து கிடைக்கும் பாடம் இது: பூனை மதிப்பானபோது அதைக் கட்டினார்கள், பயனுள்ளதானபோது அவிழ்த்தார்கள், இரண்டு நிலையிலும் அதற்கென ஓர் அறை தேவைப்படவில்லை. கட்டியிருந்த பூனைக்குத் தாதி இருந்தாள், அவிழ்த்த பூனைக்கு ஊர் இருந்தது.

கெய்ரோவிலும் ஏறக்குறைய இதே கதைதான். 13-ஆம் நூற்றாண்டின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ், போக்கிடம் இல்லாத பூனைகளுக்கென ஒரு தோட்டத்தையே வக்ஃபாக எழுதிவைத்தார் என்பது மரபு. 1830-களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன், தோட்டம் கை மாறிப் போன பிறகும் காஜியின் மன்ற முற்றத்தில் தினமும் பிற்பகலில் பூனைகளுக்கு உணவு போடப்பட்டதை எழுதுகிறார். அரசர் பூனைக்குத் தோட்டம் தந்தார், ஊர் சோறு போட்டது. நாலு சுவரை யாரும் நினைக்கவில்லை. பழைய உலகத்தில் இன்றைய பூனை அறைக்கு மிக நெருக்கமாக வருவது பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையின் அடித்தளம். 1745-இல் எலிசபெத் பேரரசி, கசான் நகரத்தில் எலி பிடிக்கத் தோதான பெரிய பூனைகளைத் தேடிப் பிடித்து அரண்மனைக்கு அனுப்பும்படி ஆணையிட்டார். இரண்டாம் உலகப் போரில் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையிடப்பட்டு 872 நாள் பட்டினி கிடந்தபோது பூனை என்ற இனமே ஊரில் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. முற்றுகை உடைந்ததும் யாரோஸ்லாவ்ல் பக்கமிருந்து வண்டியேற்றிக் கொண்டுவந்தார்கள். இப்போது ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகமாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், வெப்பக் குழாய்களை ஒட்டி, சில பத்துப் பூனைகள் வசிக்கின்றன. அவற்றுக்கெனச் சமையலிடமும் சின்ன மருத்துவ அறையும் உண்டு. ஓவியக் கூடங்களுக்குள் மட்டும் அவற்றுக்கு அனுமதி கிடையாது. இதை அறை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த அடித்தளத்துக்கு முற்றத்துக்குப் போகும் வழி இருக்கிறது. கோடையில் பூனைகள் வெளியேதான் கிடக்கும். ஆக, அங்கேயும் துளை மூடப்படவில்லை.

துளையை மூடியது எது? நகரம், மோட்டார் வண்டி, மாடிக் குடியிருப்பு என்று அடுக்கலாம். நியூயார்க்கின் விலங்கு மருத்துவ மையம் ஒன்றில் 1984-இல் ஐந்தே மாதத்தில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகள் சிகிச்சைக்கு வந்தன. மருத்துவர்கள் 1987-இல் அதை ஆய்வாக வெளியிட்டார்கள். சராசரியாக ஐந்தரை மாடி உயரம், பிழைத்தவை பத்தில் ஒன்பது. பூனைக்கு ஒன்பது உயிர் என்று அமெரிக்கர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கலாம். சன்னல் திறந்திருக்கும் பத்தாவது மாடியில் துளைக்குப் பொருளே இல்லை என்பதுதான் அந்த எண்ணிக்கை சொல்லும் சங்கதி. இருந்தாலும் நகர நெருக்கடி மட்டும் போதாது. மாடி வீடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. பூனையை முழுநேரமும் உள்ளே வைத்துக்கொள்ளும் பழக்கம் வரவில்லை. குறுக்கே நின்றது நாற்றம். மணல் தட்டோ சாம்பல் தட்டோ வைத்து ஒரு பூனையோடு மூடிய வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு அது தெரியும்.

1947 ஜனவரி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசோபோலிஸ் என்ற சின்ன ஊர். கடற்படையிலிருந்து திரும்பிய எட்வர்ட் லோ, தந்தையோடு சேர்ந்து தொழிற்கூடங்களுக்கு மரத்தூளும் எண்ணெய் உறிஞ்சும் களிமண்ணும் விற்றுக்கொண்டிருந்தார். பூனை வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். அவர் வீட்டு மணற்குவியல் பனியில் உறைந்து கல்லாகிவிட்டது. சாம்பலைப் போட்டால் வீடு முழுக்கக் கரிப் பாதம். லோ மணலுக்குப் பதிலாகச் சூளையில் காயவைத்து உடைத்த களிமண் துண்டுகளைக் கொடுத்தார். கோழிப் பண்ணைக்காரர்களிடம் விற்கப் பார்த்து விலைபோகாத சரக்கு அது. அந்தக் களிமண் நம் ஊர்க் கடைகளில் முகத்துக்குப் பூச விற்கிற முல்தானி மட்டியின் பங்காளி. கம்பளியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பல நூறு ஆண்டுகளாகத் துணி வெளுப்பவர்கள் பயன்படுத்தியது. மணல் துகளுக்கு இடையே நீர் தங்கும், துகளுக்குள் போகாது. இந்தக் களிமண்ணின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற இடுக்குகள். சிறுநீரை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு அமோனியா நெடியை அடக்கும். அந்தப் பெண் திரும்பவும் அதையே கேட்டு வந்தபோது லோ ஐந்து பவுண்டுப் பைகள் பத்தில் நிரப்பி, ‘கிட்டி லிட்டர்’ என்று கையால் எழுதி, பை 65 சென்ட் என்று கடைக்காரரிடம் கொண்டுபோனார். மணல் சும்மா கிடைக்கும்போது மண்ணுக்கு 65 சென்ட்டா என்று கடைக்காரர் தயங்க, இலவசமாகக் கொடுத்துவிடச் சொன்னார் லோ. வாங்கிப் போனவர்கள் காசு கொடுத்து வாங்கத் திரும்பி வந்தார்கள். 1990-இல் அவர் அந்தத் தொழிலை விற்றபோது விலை ஏறத்தாழ 20 கோடி டாலர். இடையே 1984-இல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர், ஈரம் பட்டதும் கட்டியாகும் பெண்டோனைட் களிமண்ணைக் கொண்டுவந்தார். தட்டு முழுவதையும் கொட்டாமல் கட்டியை மட்டும் அள்ளி எறியலாம் என்றானது.

களிமண்ணுக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்கலாம். கதவை மூட மனிதர்கள் முன்பே ஆசைப்பட்டிருந்ததால்தான் களிமண் விற்றது, களிமண் வந்ததால் கதவு மூடவில்லை என்பது இதற்குள் இருக்கும் கூர்மையான ஆட்சேபம். பாதி ஒப்புக்கொள்கிறேன். கசோபோலிஸ் பெண்ணின் வீட்டில் தட்டு ஏற்கெனவே இருந்தது, ஆசையும் இருந்தது. களிமண் செய்தது அந்த ஆசைக்குக் கொடுத்துவந்த விலையைக் குறைத்தது. வரலாற்றில் பழக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாறுகின்றன. ஆசை நெடுநாள் காத்திருக்கும், ஏதோ ஒரு மட்டமான சரக்கு வந்து தடையை எடுத்துவிடும். கூடவே இன்னொரு தடையும் விலகியது. மயக்க மருந்து பாதுகாப்பானதாகிப் பூனைகளுக்குக் கருத்தடை அறுவை சாதாரணமானது. இல்லாவிட்டால் பருவத்துப் பெட்டைப் பூனை இரவெல்லாம் கத்துவதையும் கடுவன் சுவரெங்கும் பீச்சியடிப்பதையும் எந்தக் களிமண்ணும் அடக்கியிருக்காது.

கதவு மூடிய பிறகு தெரிந்தவைதான் இந்தக் கதையின் கனமான பகுதி. முதலில் சாப்பாடு. துளை இருந்த காலத்தில் அரைவயிற்றுச் சம்பளத்தின் மறுபாதியை எலி ஈடுகட்டியது என்றேன். அந்த மறுபாதியில் என்ன இருந்தது என்பது 1970-களில்தான் விளங்கியது. பூனையின் உடல் டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தானே செய்துகொள்ளாது. இரையின் சதையிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை அழிகிறது என்று 1975-இல் கண்டறிந்தார்கள். 1987-இல் இன்னொரு அடி: கடையில் வாங்கிய உணவையே நம்பியிருந்த பூனைகளுக்கு இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய் வருவதற்கும் டாரின் குறைவே காரணம் என்று தெரிந்தது. உணவு நிறுவனங்கள் அளவைக் கூட்டின. நோய் ஏறக்குறைய மறைந்தது. வேட்டையாடும் பூனையிடம் யாரும் இந்தக் கணக்கைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. உள்ளே அடைத்த பிறகு ஒரு முழு எலியையும் அதன் கடைசித் துளி வரை கணக்கிட்டுப் பைக்குள் போட வேண்டியதாயிற்று.

அடுத்தது அறைக்கு நேராகக் கொண்டுவிடும் விஷயம். கிருமி இல்லை, கல் இல்லை; ஆனாலும் பூனைக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகி, துளித்துளியாக இரத்தத்தோடு சிறுநீர் போகிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைகளின் மன இறுக்கத்தோடு இந்த நோயைத் தொடர்புபடுத்தினார். 2006-இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் மருந்தாகக் கொடுத்தது வீட்டை மாற்றி அமைக்கும் யோசனைகளை: ஏறி உட்கார உயரம், ஒளிய மறைவு, நகம் தீட்ட இடம், துரத்த ஒரு பொருள், தொந்தரவில்லாத இடத்தில் தட்டு. நோய்க்குறிகள் குறைந்தன. 2014-இல் நெதர்லாந்தில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பாதிக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே அமைதியாகிவிட்டன. மற்றவற்றுக்கு வெகுநேரம் பிடித்தது. அமெரிக்க, சர்வதேசப் பூனை மருத்துவர் சங்கங்கள் 2013-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் பாதுகாப்பான தனி இடம் முதல் தேவையாக நிற்கிறது. பூனை அறையின் சாமான் பட்டியலை இந்த ஆய்வுகளோடு ஒத்துப் பார்த்தால் எதுவும் அலங்காரமாகத் தெரியாது. சுவர்ப் பலகை மரக்கிளைக்கு, கயிற்றுக் கம்பம் அடிமரத்துக்கு, அட்டைப்பெட்டி வைக்கோற்போருக்கு, களிமண் தட்டு கொல்லைக்கு, சன்னல் மேடை மதில் மேலுக்கு. ‘மதில் மேல் பூனை’ என்று நாம் இரண்டுங்கெட்டானைச் சொல்கிறோம்; பூனையைப் பொறுத்தவரை மதில்தான் இருப்பதிலேயே நல்ல இடம், இரண்டு பக்கமும் தெரியும்.

இந்தக் கருவிகள் ஒரே இடத்தில் கூடி அறையானது எப்படி என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. சான் டியேகோவில் பாப் வாக்கர், ஃபிரான்சிஸ் மூனி தம்பதி தங்கள் வீட்டின் கூரையை ஒட்டிப் பூனைகளுக்கென நடைபாதையும், சுவர்களைத் துளைத்து அறைக்கு அறை போகும் வழியும் அமைத்தார்கள். 1996-இல் வந்த ‘தி கேட்ஸ் ஹவுஸ்’ புத்தகம் அதை உலகறியச் செய்தது. இவர்கள் மட்டும் அறைக்குப் பதிலாக முழு வீட்டையே ஈடாகக் கொடுத்துவிட்டார்கள். கிழக்கே, கயிற்றை ஆணை போட்டு அவிழ்த்த ஜப்பான் 400 ஆண்டுகள் கழித்து வேறோர் ஆணை போட்டது. 2002-இல் அரசு வெளியிட்ட வளர்ப்பு விலங்குப் பராமரிப்புத் தரநிலைகள், பூனையை வீட்டுக்குள் வைத்தே வளர்க்க முயலும்படி சொல்கின்றன. 1602-இல் எலிக்காக வெளியே போன பூனை, வாகனமும் நோயும் அக்கம்பக்கத்துப் புகாரும் காரணமாகத் திரும்ப உள்ளே வந்தது. பல வாடகைக் குடியிருப்புகளில் அதுவும் முடியாது, பூனைக்கே தடை. 1998-இல் தைப்பேயில் தொடங்கி 2004-இல் ஒசாகாவுக்கு வந்த பூனைக் கஃபே, சொந்தமாகப் பூனை அறை வைக்க முடியாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் பூனை அறைதான். 2017-இல் ஜப்பானில் வளர்ப்புப் பூனைகளின் எண்ணிக்கை முதன்முறையாக நாய்களை மிஞ்சியது. நாயை நடத்திக் கூட்டிப்போக வேண்டும்; பூனைக்கு அறை போதும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும்.

என்னதான் பலகை அடித்தாலும் அது சிறைதானே என்பவர்களுக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். சிறைதான், நஷ்டஈடு என்று நான் சொன்னதே அதனால். ஈடு என்றால் இழப்பு இருக்கிறது என்று பொருள். பிரிட்டனில் இன்றும் பூனை வெளியே போய்வருவதையே பலர் இயல்பாகக் கருதுகிறார்கள், கதவில் மடிப்புப் பலகை வைத்த துளை சர்வசாதாரணம். தனி அறை மோகம் அங்கே அமெரிக்க அளவுக்கு ஏறாததும் என் வாதத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் துளையைத் திறந்தே வைத்தால் யாருக்கும் கேடில்லை என்று இனிச் சொல்ல முடியாது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக மதிப்பிட்டது. பெரும்பங்கு உடைமையாளர் இல்லாத பூனைகளுடையது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆஸ்திரேலியாவின் தலைநகரப் பகுதியில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வளாகத்துக்குள் அடைத்தே வளர்க்க வேண்டும் என்பது சட்டம். எக்ஸெட்டர் தச்சர் போட்ட துளைக்கு இப்போது அங்கே அபராதம்.

பணக்காரர் பொழுதுபோக்கு என்ற இன்னொரு குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு. விற்பனைக்கு வரும் பூனை மரங்களில் பல, வீட்டுத் திரைச்சீலைக்கு நிறம் பொருந்துவதற்காகச் செய்யப்பட்டவை. உயரமும் உறுதியும் பூனைக்குப் போதாதவை. அவை மனிதக் கண்ணுக்கான சாமான்கள். டச்சுக் காப்பகத்துப் பூனைகளை அமைதிப்படுத்தியதோ வெறும் பெட்டி. சென்னையின் மாடிக் குடியிருப்புகளில் பால்கனிக்குப் புறாவலை கட்டுவது வழக்கமாகிவிட்டது. அதே வலை, பூனை வளர்க்கிறவர் வீட்டில், பூனை விழாமலிருக்கும் வலையாகவும் உதவுகிறது. முற்றம் போனது, கொல்லை போனது, ஓட்டுச் சந்து போனது. உறிக்குப் பதில் குளிர்சாதனப் பெட்டி வந்துவிட்டதால் பூனையை அடுக்களையிலிருந்து விரட்டவும் காரணமில்லை. அந்த பால்கனி மூலையில் பழைய அலமாரி ஒன்றைச் சாய்த்து வைத்தால், மேலே சொன்ன பட்டியலில் முக்கால்வாசி அங்கேயே வந்துவிடும்.

தனி அறை ஒதுக்குபவர்கள் கடைசியில் ஒரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். கதவைச் சாத்தினால் பூனை கதவைப் பிறாண்டுகிறது. திறந்து வைத்தால் வீட்டு நாய் வந்து தட்டைக் கிளறுகிறது, தவழும் குழந்தை களிமண்ணை வாயில் போடுகிறது. அதற்கும் தீர்வு கடையில் கிடைக்கிறது. உள் கதவின் அடிப்பக்கத்தில், பூனை மட்டும் நுழையும் அளவுக்கு, தச்சரைக் கூப்பிட்டு வட்டமாக ஒரு துளை போட்டுக்கொள்கிறார்கள்.